குந்துங்க என்று சொன்ன பிறகு

ஒன்பது வருஷத்துக்கு முந்தி, ஒரு வைகாசி மாதச் சாயங்காலம், மாமரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "வாங்க மாமா, குந்துங்க" என்றேன். பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். அம்மாவுக்குச் சித்தப்பா மகன். எனக்குத் தாய்மாமன் முறை. அப்போதே வயது எழுபத்தைந்து. உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், மாங்காய் விலை பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். கிளம்புவதற்காக இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றினார். பின்னங்கால் ஒன்று படீரென்று பிளந்தது. மல்லாக்க விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை, மூன்று மாதப் படுக்கை, அதற்குப் பிறகு கைத்தடி. பேத்தியின் கல்யாணத்தை அவர் கைப்பேசியில்தான் பார்த்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றபோது, "நாற்காலி ஒடஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ மாப்ள" என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் எனக்கு உண்மை தெரியும். அந்த நாற்காலி ஐந்து வருஷமாக வெயிலிலும் மழையிலும் கிடந்தது. நீலமாக இருந்தது வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. "ஏங்க, அதத் தூக்கிப் போடுங்க" என்று என் மனைவி இரண்டு தடவை சொன்னாள். வந்து போகிறவர்களுக்கு இது போதும் என்று நான்தான் வைத்திருந்தேன்.

வந்து போகிறவர்களுக்கு இது போதும். அந்த நினைப்புதான் மாமாவைக் கீழே தள்ளியது. யோசித்துப் பார்த்தால் நம் வீடுகள் பலவற்றில் இதே கதைதான். உள்ளே இருக்கும் சோபாவுக்கு உறை போடுகிறோம், தினமும் தூசி தட்டுகிறோம். கால் ஆடுகிற ஸ்டூலும் பலகை விரிந்த பெஞ்சும் வெளுத்த நாற்காலியும் வாசலுக்கும் தோட்டத்துக்கும் போகின்றன. உண்மையில் வெயில், மழை, கறையான் எல்லாம் தாக்குகிற இடம் அது. நம்மை நம்பி வந்தவர் முதலில் உட்காருகிற இடமும் அதுதான். வீட்டிலேயே உறுதியான சாமான் இருக்க வேண்டிய இடத்தில் கழித்துக் கட்டியதைப் போட்டு வைக்கிறோம்.

பிளாஸ்டிக்குக்கு வெயிலில் என்ன நேருகிறது என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். முந்தியே யோசித்திருக்க வேண்டும். ஒரே வார்ப்பில் செய்யும் இந்த நாற்காலிகள் 1970-களில் ஐரோப்பாவில் பரவத் தொடங்கி, பிறகு உலகம் முழுக்க வந்துவிட்டன. பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பொருள். அதன் மூலக்கூறுகள் நீளச் சங்கிலிகளாகக் கிடக்கின்றன. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. முதலில் நிறம் வெளுக்கும். அடுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி மாவு ஒட்டும். அப்புறம் காலும் இருக்கையும் சேருகிற வளைவில் மயிரிழைபோல் வெடிப்பு ஓடும். புதிதில் வளைந்து கொடுத்த கால் இந்த நிலைக்கு வந்தபின் வளையாது, ஒடியும். கையில் மாவு ஒட்டிய நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். துணி போட்டு வைக்கக்கூட அதை வைத்திருக்க வேண்டாம். நாம் இல்லாத நேரத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. என் அப்பா காலத்தில் எங்கள் வாசலில் நாற்காலியே கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில். வருகிறவர், போகிறவர், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர், ஆடு பிடிக்க வந்தவர் எல்லாருக்கும் அதுதான் ஆசனம். சட்டம் வேம்பு, கால் கருவேலம். சட்டத்தின் முனையைச் செதுக்கிக் காலில் துளை போட்டு இறக்கியிருப்பார்கள். ஆணி ஒன்றுகூட இருக்காது. வேலி ஓரத்து ஆனைக் கற்றாழையை வெட்டி, ஊற வைத்து, தட்டி நார் எடுத்து, அப்பாவே தொடையில் வைத்துத் திரிப்பார். அந்தச் சாறு பட்டால் கை அரிக்கும். அரித்தாலும் விடமாட்டார். பின்னாளில் தேங்காய் நார்க் கயிறு கடையில் கிடைத்தது. அதற்கும் பின்னால் நைலான் வந்தது.

அந்தக் கட்டிலில் ஒரு நுட்பம் உண்டு. அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. பின்னலைக் கட்டிலின் முழு நீளத்துக்கும் போடமாட்டார்கள். கால்மாட்டில் ஒரு முழம் இடம் விட்டு நிறுத்திவிடுவார்கள். அந்த இடைவெளியில், பின்னல் முடிகிற இடத்தையும் கால்மாட்டுச் சட்டத்தையும் சேர்த்து ஒரு தனிக் கயிறு வளைந்து வளைந்து ஓடும். ஆள் படுக்கப் படுக்கப் பின்னல் தொய்யும். தொய்ந்தால் பின்னலைத் தொட வேண்டியதில்லை. அந்தக் கால்மாட்டுக் கயிற்றை அவிழ்த்து, காலைச் சட்டத்தில் உதைத்துக்கொண்டு இழுத்துக் கட்டினால் பத்து நிமிஷத்தில் கட்டில் புதுசாகிவிடும். தொய்வு வரும் என்பது செய்தவனுக்கு முதல் நாளே தெரியும். அதற்குத்தான் ஒரு முழம் விட்டு வைத்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அப்பா இழுத்துக் கட்டுவார். "கயித்து மேல குத்தம் இல்லடா, ஆளு படுத்தா தொய்யத்தான் செய்யும்" என்பார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷமான பிறகு அந்தப் பேச்சு எனக்குக் கட்டிலைத் தாண்டியும் புரிகிறது. எங்கள் வீட்டில் பேச்சு வார்த்தை தொய்ந்துபோன காலங்கள் உண்டு. பின்னலையே பிரித்துவிடலாம் என்று கோபத்தில் தோன்றியதும் உண்டு. இழுத்துக் கட்டுவதற்கு ஒரு முழம் எங்காவது மிச்சம் இருக்கும். அதைத் தேடுவதற்கு நிதானம் வேண்டும்.

கயிற்றுக் கட்டிலைப் பேணுவதற்குப் பெரிய சாஸ்திரம் இல்லை. பகலில் படுக்க ஆள் இல்லையென்றால் நிமிர்த்தி மரத்திலோ சுவரிலோ சாத்த வேண்டும். நாய் ஏறாது, கோழி எச்சம் விழாது, வெயில் பின்னல் முழுவதிலும் இறங்காது. நார்க்கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும்; மழைக்காலத்தில் வெளியில் விட்டால் இந்த இழுபறியில் சட்டத்தின் பொருத்துகள் ஆட ஆரம்பித்துவிடும். மூட்டைப்பூச்சி சேர்ந்தால் சித்திரை உச்சி வெயிலில் போட்டு, துளையும் சட்டமும் சேருகிற சந்துகளில் கொதிநீரை ஊற்றுவாள் அம்மா. சூட்டுக்குப் பூச்சியும் முட்டையும் செத்துப்போகும். மருந்து தேவைப்பட்டதில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிலேயே அவளுக்கு முதுகு வளையாது. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்போடு திரும்புவாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இது அம்மாவுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. இங்கே பாறைக்கு அடியிலிருந்து எடுக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புப் பட்டை விழும். எலும்பும் மூட்டும் இறுகும். முதுகுத்தண்டு கட்டை மாதிரி ஆகும். என் வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில், காவிரித் தண்ணீரைத் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அதைக் குடித்து வளரும் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் பழைய தண்ணீர் குடித்து இறுகிப்போன எலும்பு திரும்ப இளகாது. இன்றைக்கு எங்கள் பக்கத்தில் அறுபது, எழுபது வயதில் நடமாடுகிறவர்களில் பலர் அந்தத் தண்ணீர் குடித்தவர்கள்.

அதனால்தான் சொல்கிறேன். தோட்டத்துக்கு இருக்கை வாங்கப் போகிறவர்கள் அது எத்தனை அழகு, எத்தனை மெத்து என்று பார்க்கிறார்கள். உட்காருவதற்கு யாருக்கும் உதவி வேண்டாம், பூமியே இழுத்துக்கொள்ளும். எழுவதுதான் வேலை. அம்மாவை வைத்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு இருக்கையின் குணம் அதிலிருந்து எழும்போது தெரியும். கடைக்குப் போனால் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். வீட்டிலேயே முழங்கால் வலி அதிகம் உள்ளவரைக் கூட்டிப்போய் எழச் சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் எதில் வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்வார்கள்.

உயரம் முதல் கணக்கு. நிற்கிற ஆளின் முழங்காலுக்குப் பின்புற மடிப்பிலிருந்து தரைவரை அளந்து, அதற்குச் சமமாகவோ இரண்டு விரற்கடை கூடுதலாகவோ இருக்கை இருந்தால் எழுவது எளிது. பொதுவாக 18 அங்குலம் பலருக்கும் சரிப்படும். மூட்டு இறுகியவர்களுக்கு 20 அங்குலம் வேண்டும். குட்டையானவர்களுக்குக் கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம். இருக்கையின் ஆழம் அதிகமானால் எழுவதற்கு முன் இடுப்பை நகர்த்தி நகர்த்தி முன்னால் வர வேண்டியிருக்கும். பாதிப் பேர் அதிலேயே களைத்துவிடுவார்கள். கைப்பிடி இருக்கையின் முன் விளிம்புவரை நீண்டிருக்க வேண்டும். பாதியில் நின்றால் ஊன்ற உதவாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எழும்போது நாம் பாதத்தைப் பின்னால் இழுத்து இருக்கைக்கு அடியில் கொண்டுபோகிறோம். அப்போதுதான் உடம்பின் பாரம் பாதத்துக்கு மேல் வரும். செய்து பாருங்கள், பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழவே முடியாது. அடிப்பக்கம் மூடிக் கட்டிய சிமெண்ட் மேடையிலும் செங்கல் திண்ணையிலும் இந்த இடம் இல்லை. மரத்தைச் சுற்றி வட்டமாக மேடை கட்டுகிறவர்கள் முன் சுவரைக் கீழே நாலு அங்குலமாவது உள்ளே தள்ளிக் கட்டினால், மேல் பலகை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், குதிகால் உள்ளே போகும். செலவு ஒன்றும் கூடாது. கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாமா விழுந்த மறு வருஷம் நான் தோட்டத்தில் கல் பெஞ்சு போட்டேன். எங்கள் மண்ணுக்குக் கல்தான் சொந்த மரம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை எல்லாம் ஒரே தர்மபுரிதான். இந்த இரண்டு மாவட்டத்திலும் வேலிக்குக் கல்கால் நடுவார்கள், கொட்டகைக்குக் கல்பலகையால் சுவர் வைப்பார்கள். பாறையில் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டே வருவார்கள். ஒரு கட்டத்தில் சத்தம் மாறும், பாறை நேர்கோட்டில் பிளந்துகொள்ளும். அந்தச் சத்தம் மாறுகிறதைக் கேட்டே பக்குவம் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், நாலு அங்குலக் கனத்தில் ஒரு பலகை வாங்கினேன். இரண்டு கல்காலின் மேல் உட்கார வைத்தோம். கால்களுக்கு நடுவே வெறும் காற்று. பாதம் தாராளமாகப் பின்னால் போகும். உயரம் 19 அங்குலம், மாமாவின் முழங்காலை மனதில் வைத்து.

கல் ஒரு வேலையும் வைக்காது என்பார்கள். அப்படி இல்லை. அந்தப் பலகையின் எடை ஏறத்தாழ 230 கிலோ. மழையில் மண் இறங்கி ஒரு கால் சாய்ந்தால், ஏறி விளையாடுகிற குழந்தையின் மேல் அது விழும். அதனால் காலை ஒன்றரை அடி ஆழத்தில், ஜல்லி போட்டு இறுக்கிப் புதைக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இரண்டு பேர் நின்று அசைத்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு பின்பக்கமாக ஒரு நூல் சரிந்திருந்தால் தண்ணீர் நிற்காது. நின்றால் பாசி பிடித்து வழுக்கும். இடமும் முக்கியம். சித்திரையில் வெயில் பட்ட கல் பொழுது சாய்ந்து வெகுநேரம்வரை சுடும். கிழக்கே பார்த்து, மதியத்துக்கு மேல் மரநிழல் விழுகிற இடத்தில் போட்டால் சாயங்காலம் குளுகுளுவென்று இருக்கும். மாமரத்துக்கு நேர் கீழே வேண்டாம். காய்ப் பருவத்தில் மாம்பால் சொட்டும், எறும்பு ஏறும்.

கல் தேடுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அதியமான் ஆண்ட தகடூர் இது. ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் விழுந்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள் எங்கள் மாவட்டத்தில் எங்கெங்கோ கிடக்கின்றன. தர்மபுரி அருங்காட்சியகத்தில் பலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவரின் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டிருந்த பலகையைப் பெஞ்சுக்கு எடுக்கலாம் என்று கடப்பாரை போட்டுப் புரட்டினோம். அடிப்பக்கம் வில்லேந்திய ஒருவன் நின்றுகொண்டிருந்தான். எத்தனை தலைமுறை அவன் முகம் மண்ணில் புதைந்து, அவன் முதுகில் நாங்கள் துணி துவைத்தோமோ. கழுவி, வேப்பமரத்தடியில் நிமிர்த்தி வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னோம். வயலில், குளத்தங்கரையில் கிடக்கிற பழைய பலகையை எடுக்குமுன் புரட்டிப் பாருங்கள். கீறலோ எழுத்தோ தெரிந்தால் அதில் உட்கார வேண்டாம்.

பழைய கற்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தது. சாலை ஓரத்தில் இன்னும் சில இடங்களில் நிற்கிறது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, இறக்க முடியாமல் போன அவள் சுமைக்காக, ஊரார் சுமையை இறக்க ஒரு கல் போடுவது தமிழ்நாட்டு வழக்கம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். உட்காருகிற உயரம் இல்லை. தலைச்சுமையோடு தனியாக வருகிறவர், பிடித்து இறக்க ஆள் இல்லாமல், கொஞ்சம் குனிந்து சுமையைச் சரிக்கிற உயரம். திரும்ப ஏற்றிக்கொள்ளவும் அதே உயரம் வேண்டும். போட்டவர்கள் அந்த வழியில் வரப்போகிறவரின் உடம்பை நினைத்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். வரப்போகிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

மரத்துக்கு வருகிறேன். வெளியில் போட மரச் சாமான் வாங்கினால் தேக்கு நல்லது. அதன் உள்ளேயே எண்ணெய் இருப்பதால் தண்ணீரையும் கறையானையும் தாங்கும். ஆனால் தேக்கு என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் அந்தக் குணம். ஓரத்து வெளிறிய மரம் தேக்காக இருந்தாலும் பூச்சி தின்னும். பலகையின் வெட்டு முனையைப் பார்த்தால் இரண்டு நிறமும் தெரிந்துவிடும். வசதி குறைந்தவர்களுக்கு நன்றாகக் காய்ந்த வேம்பு போதும். எங்கள் வீட்டு வேப்பம்பலகை பெஞ்சு அப்பா காலத்தது.

வெயிலில் நிற்கிற மரத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள் என்பது என் அனுபவம். மேலே ஒரு தோல் மாதிரி பளபளக்கும். ஒரு கோடை போனால் அந்தத் தோல் வெடிக்கும். வெடிப்பில் மழைத் தண்ணீர் இறங்கி உள்ளேயே தங்கி மரத்தை அழுகச் செய்யும். எண்ணெய் அப்படி இல்லை, மரத்துக்குள் ஊறும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, ஊறியது போக மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ விரித்துக் காயப்போட்டோ அப்புறம்தான் எறிய வேண்டும். கறையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது பழைய வழக்கம். நல்ல காவல்தான், ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். காலின் அடிப்பகுதிக்கு மட்டும், கையுறை போட்டுக்கொண்டு. மரச் சாமான் கெடுவது பெரும்பாலும் காலின் அடியில்தான் ஆரம்பிக்கிறது. குறுக்கே வெட்டிய முனை ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும். நாலு காலுக்கும் கீழே நாலு கல் துண்டு வைத்தால் மரத்துக்குப் பத்து வருஷம் கூடும்.

இரும்பு நாற்காலிக்கு உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது குழாய்க்காலின் அடியில் மாட்டும் ரப்பர் மூடிதான். அதற்குள் தண்ணீர் தேங்கி, குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் காலத்து ஒயர் நாற்காலிகள், இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னியவை, இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எடுத்துப் புது ஒயர் போடுங்கள். மழைத் தண்ணீர் நிற்காது, காற்று புகும், முதுகு வியர்க்காது.

நாலு வருஷத்துக்கு முன் பெங்களூரில் இருக்கும் என் மகன் ஆசையாக ஒரு தோட்டத்து சோபா செட் வாங்கி அனுப்பினான். பிரம்பு மாதிரி பிளாஸ்டிக்கில் பின்னியது, மேலே வெள்ளை மெத்தை. அவனுடைய அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உயரம் 14 அங்குலம், ஆழம் இரண்டடி. முதல் நாள் உட்கார்ந்த என் மனைவி எழுவதற்கு என் கையைக் கேட்டாள். மெத்தைக்குள் இருந்த ஸ்பாஞ்சு முதல் மழையில் ஊறி, நாலாம் நாள் வாடை அடித்தது. தினமும் சாயங்காலம் உள்ளே எடுத்து வைக்க வேண்டுமாம். வயதான இருவர் இருக்கிற வீட்டில் அது நடக்காது. மகன் வந்தபோது மனம் நோகாமல் சொன்னேன். அவனும் என்னோடு வெல்டிங் பட்டறைக்கு வந்தான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் ஐந்து அங்குல உயரத்துக்கு அடிச்சட்டம் செய்து, சோபாவை அதன் மேல் போல்ட் போட்டுப் பூட்டினோம். மெத்தை உள் அறைக்குப் போயிற்று. முதுகுக்குப் பின்னால் பழைய புடவையில் தைத்த திண்டு வைத்தோம். "அப்பா, வாங்கறதுக்கு முன்னாடி உங்களக் கேட்டிருக்கலாம்" என்றான். எனக்கும் தோன்றியது: எங்களுக்கு எழ முடியவில்லை என்பதை நாங்கள் அவனிடம் அதுவரை சொன்னதே இல்லை. போனில் கேட்கும்போதெல்லாம், நல்லா இருக்கோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிரம்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் காடுகளில் நிறைந்து கிடக்கும் உண்ணிச்செடி இந்த மண்ணுக்குரியது அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, காட்டையே மூடிவிட்டது. காவிரிக்கு மேற்கே கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில், பழங்குடி மக்கள் அந்தக் குச்சியை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, சூட்டோடு வளைத்து நாற்காலி செய்யக் கற்றுக்கொண்டார்கள். பெங்களூரின் ஏட்ரி என்ற ஆய்வு நிறுவனம் அதற்குப் பயிற்சி கொடுத்தது. காட்டுக்கும் நல்லது, கைக்கும் வேலை. தாழ்வாரத்துக்கு இப்படியொன்று கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நேர் மழையில் மட்டும் போட வேண்டாம். மூங்கில் நாற்காலியும் அப்படித்தான். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் அதிலுள்ள மாவுச்சத்து கரைந்துபோகும், துளைக்கிற வண்டுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வாரத்தில் வெளியில் இருக்கும் இருக்கைகள் எல்லாவற்றையும் வாசலில் வரிசையாக வைப்போம். லீவுக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, இடமும் வலமும் ஆடிப் பார்ப்பார்கள். ஆடுவதற்குச் சாக்பீஸில் குறி. குறி போட்டதைச் சரி செய்யும்வரை யாருக்கும் போடக்கூடாது. சரி செய்ய முடியாததைப் போகியன்று எரிப்பதில்லை. பிளாஸ்டிக் புகை குழந்தைகள் மூச்சில் போகும். பழைய சாமான் வாங்குகிறவரிடம் போகும், அதுவும் காலை ஒடித்த பிறகு. இல்லையென்றால் அது இன்னொரு வீட்டு வாசலுக்குப் போய் இன்னொரு மாமாவைத் தள்ளிவிடும். சின்னப் பேரனுக்குக் கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டை இழுத்துக் கட்டுவதில் ஆனந்தம். அவன் கால் சட்டத்துக்கு எட்டாது. நான் பின்னால் நின்று பிடித்துக்கொள்வேன்.

மாமாவுக்கு இப்போது எண்பத்து நாலு. விழுந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் வீட்டில் எதைக் காட்டி உட்காரச் சொன்னாலும், முதலில் கைத்தடியால் காலைத் தட்டுவார், அப்புறம் உள்ளங்கையை இருக்கையில் வைத்து அமுக்கிப் பார்ப்பார், அதன்பின்தான் உட்காருவார். கல்யாண மண்டபத்திலும் அப்படி, டாக்டர் அறையிலும் அப்படி. என் வீட்டுக் கல் பெஞ்சிலும் எட்டு வருஷமாக அப்படித்தான். நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மாசியில் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தவர்களோடு அவரும் வந்தார். நான் உள்ளே பணம் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது, மற்றவர்களிடம் ஏதோ பேசிக்கொண்டே, தடியை மரத்தில் சாத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்தார். பேச்சு நிற்கவில்லை. நான் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றேன். "என்னா மாப்ள அங்கயே நின்னுட்ட, வந்து குந்து" என்று பக்கத்து இடத்தைத் தட்டினார்.